பின்சக்கரத்தின் மேல் கொஞ்சம் பாரம்

தியானப் பகுதி: எரேமியா 38:6–13



ஐப்பசி அடைமழை தொடங்கிய நாள்முதல், ஆலய வளாகத்தில் நிற்கும் பிக்கப் வண்டியின் பின்தளத்தில் ஐந்து மணல் மூட்டைகள் கிடப்பதைப் பலரும் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தீர்கள். "ஐயரவர்களே, கட்டட வேலை ஏதேனும் தொடங்குகிறதா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஓர் அம்மையார், மழையில் நனையும் மூட்டைகளை இறக்கி ஓரமாக அடுக்கிவைக்கும்படி தம் பேரனையே அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளையும் இரண்டு மூட்டைகளை இறக்கிய பிறகுதான் ஓட்டுநர் தம்பி ஓடிவந்து தடுத்தார். மூட்டைகள் மறதியாக விடப்பட்டவை அல்ல. ஆண்டுதோறும் மழைக்காலம் முழுவதும் அவை அங்கேயே இருக்கும். ஏன் என்பதை இந்த வாரம் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றிற்று.

அந்த வண்டி நம் சபையைச் சேர்ந்த காய்கறி வியாபாரி ஒருவருடையது என்பது உங்களுக்குத் தெரியும். தாராசுரம் மொத்த அங்காடிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லாத வேளைகளில் ஊழியத்துக்கென்று தந்திருக்கிறார். சுமையோடு வரும்போது அடங்கி நடக்கிற அதே வண்டி, சுமையை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது ஈரச்சாலையில் வால் ஆட்டும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் இறையியல் கல்லூரியில் படித்தவன்; இயந்திரங்களைப் பற்றி அறிந்ததெல்லாம் ஓட்டுநர்களுக்கு அருகே உட்கார்ந்து கேட்டறிந்ததுதான். ஆயினும் காரணம் எளிமையானது. இத்தகைய வண்டிகளில் இயந்திரம் முன்னால் இருக்கிறது. உந்தித் தள்ளும் வேலையோ பின்சக்கரங்களுடையது. பின்தளம் வெறுமையாக இருந்தால், வேலை செய்யவேண்டிய சக்கரத்தின் மேல் பாரமே இராது. தரையை அழுத்தாத சக்கரம் தரையைப் பற்றாது. முடுக்க முடுக்க நின்ற இடத்திலேயே சுழன்று, தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்.

நம்முடைய பழைய வண்டிக்காரர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் கணக்கு கைவந்த கலை. மூட்டையை ஒரு முழம் முன்னே நகர்த்தினால் மாட்டின் கழுத்து நோகும். பின்னே நகர்த்தினால் நுகத்தடி மேலே தூக்கும். ஆனால் மாட்டு வண்டியின் சக்கரத்துக்குப் பிடிமானம் தேவையில்லை. அது உருண்டால் போதும். மண்ணை மிதித்து இழுப்பது மாட்டின் குளம்பு. நம் ஊர் ஐராவதீசுவரர் கோயிலில், இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பிகள் முன்மண்டபத்தையே தேராகச் சமைத்து, கல்லில் சக்கரங்களைச் செதுக்கி, இழுப்பதற்குக் குதிரைகளையும் வைத்திருக்கிறார்கள். உலகெங்கிலுமிருந்து வருவோர் நின்று பார்க்கிற அந்த அழகிய சக்கரத்துக்கும் இழுக்கும் வேலை இல்லை. அது குதிரைகளின் பொறுப்பு. சக்கரமே மண்ணைப் பற்றித் தள்ளவேண்டிய நிலை மோட்டார் வண்டியோடு வந்தது. அன்றுமுதல் பிடிமானம் என்பது ஓட்டுநர்களின் அன்றாடக் கவலையாயிற்று.

பனி பெய்யும் நாடுகளில் இந்தக் கவலை இன்னும் பெரிது. நம் சபையில் வளர்ந்து இப்போது கனடாவின் மொன்றியலில் பணிபுரியும் ஒரு தம்பி, சென்ற ஆண்டு நம் வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, நாங்களும் இங்கே இதைத்தான் செய்கிறோம்" என்று எழுதியிருந்தார். அங்கே பிக்கப் வைத்திருப்போர் குளிர்காலம் வந்ததும் பின்னச்சுக்கு நேர்மேலே மணல் மூட்டைகளைப் போட்டுக் கட்டிவிடுகிறார்களாம். கட்டாமல் விட்டால், அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது மூட்டை முன்னோக்கிப் பாயும். அச்சைத் தாண்டி வால்பக்கத்தில் போட்டால் முன்சக்கரம் இலேசாகி, திருப்பும் பிடி தளர்ந்துபோகும். மூட்டை பிரிந்த மணலும் வீண்போவதில்லை. சறுக்கும் பனிக்கட்டியின்மேல் சக்கரத்துக்கு முன்னே தூவிக்கொள்ளலாம். அவர் வாழும் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் பூட்டுவது சட்டப்படி கட்டாயம். சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது விறைக்கத் தொடங்கி, சாலையைப் பற்றும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி செய்யப்பட்டது. இறுகிப்போனது பற்றிக்கொள்ளாது என்பதைக் கேட்டவுடன் எனக்கு ஒரு பிரசங்கமே தோன்றிற்று. ஆனால் அது வேறொரு வாரத்துக்கு.

நமக்குப் பனி இல்லை, சேறு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் களிமண் எப்படி மாறும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற மண் அது. டயரின் பட்டன்களுக்கு இடையே அப்பிக்கொண்டால், புது டயரும் வழுக்கை டயரும் ஒன்றுதான். (வழுக்கை டயரோடு மழையில் போகிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறீர்கள். கார், வேன்களுக்குப் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். பெயர் சொல்லவில்லை.) சேற்றில் வண்டி ஓட்டுவோர் சக்கரக் காற்றைக் கொஞ்சம் இறக்குகிறார்கள், டயர் தட்டையாகி மண்ணில் அகலமாகப் பதிகிறது. தார்ச்சாலை ஏறியதும் மறவாமல் திரும்பக் காற்றடித்துக்கொள்ள வேண்டும்.

பாரம் எங்கும் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடவும் கூடாது. அடியில் கெட்டித்தரை இருக்கும்போதுதான் பாரம் பிடிமானமாகும். அடியில்லாச் சேற்றில் அது வண்டியை அமிழ்த்திவிடும். அதனால்தான் சேற்றுழவுக்கு இறங்கும் டிராக்டருக்கு அகன்ற இரும்புக் கேஜ் வீல் பூட்டுகிறார்கள். அது பாரத்தைப் பரப்பி மிதிக்கிறது. அதையே கழற்றாமல் தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பிளந்துபோகும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் சிசெராவிடம் 900 இரும்பு இரதங்கள் இருந்தன. சமநிலத்தில் அவற்றை எதிர்த்து நிற்க இஸ்ரவேலரிடம் ஒன்றுமில்லை. ஆனால் தெபொராளின் பாட்டு சொல்வதைப் பார்த்தால், வானம் பொழிந்து கீசோன் ஆறு பெருக்கெடுத்த நாளில் அந்தச் சேனையே அடித்துச் செல்லப்பட்டது. படைத்தலைவன் இரதத்தை விட்டிறங்கிக் கால்நடையாக ஓடினான். டெல்டாவில் பிறந்தவனுக்கு அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இனி, அந்த மூட்டைகள் எப்படி வந்தன என்பதைச் சொல்லுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கும்பகோணம் பக்கம் நமக்கு நேர்ந்த சேதம் சிறிது. தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. முப்பது நாற்பது ஆண்டு மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்ததை, பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மின்கம்பங்கள் சாய்ந்து, வாரக்கணக்கில் இருளாய் இருந்தது. நம் சபையார் நான்கே நாளில் திரட்டிய அரிசி, தார்ப்பாய், போர்வை, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, மதுக்கூர் வழியாக நாங்கள் நால்வர் சென்றோம். வண்டி தன் அளவுக்கு நிறைந்திருந்தது. வழியெங்கும் மழை பெய்தும் ஓரிடத்திலும் அது சறுக்கவில்லை.

இரண்டு குடியிருப்புகளில், அவ்வூர்ப் பெரியவர்கள் எழுதிவைத்திருந்த பட்டியலின்படி எல்லாவற்றையும் கொடுத்து முடித்தோம். அரிசி வந்த சாக்குகளைக்கூட, ஒழுகும் கூரையின்மேல் போட உதவும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது பெரிய சாலையில் மின்வாரிய ஊழியர்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போகும்படி கைகாட்டினார்கள். தூர்வாரிய களிமண்ணைக் கொட்டி உயர்த்திய கரை அது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதித் தூரத்தில் வண்டியின் பின்பக்கம் மெதுவாக ஒருபுறம் இழுத்துக்கொண்டு போய், இடது சக்கரம் அச்சுவரை புதைந்தது.

ஓட்டுநர் தம்பி தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்தினார். கைப்பிரேக்கைப் பாதி இழுத்துப் பார்த்தார். இதன் சூட்சுமத்தை அவர் பிறகு எனக்கு விளக்கினார். இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலும்போது கெட்டித்தரையில் நிற்கும் மற்றதை உந்தவிடாமல் செய்துவிடுகிறது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தால், வீணாய்ச் சுழலும் சக்கரம் சற்றுக் கட்டுப்பட்டு, மற்றதற்கும் விசை போகும். டிராக்டரில் இதற்கென்றே ஒரு மிதி இருக்கிறது. எங்கள் வண்டியில் இல்லை. டயரின் காற்றையும் இறக்கிப் பார்த்தார். சக்கரத்தின் அடியில் போட ஒரு சாக்கு இருந்தால் போதும் என்றார். சாக்கு ஒன்றும் மீதியில்லை.

அப்போது கரைக்குக் கீழேயிருந்த குடியிருப்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். ஒருவர் கையில் டார்ச்சு. என் நெஞ்சு படபடத்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. அந்த நாட்களில், தங்கள் பகுதிக்கு ஒன்றும் வரவில்லை என்று மக்கள் ஆங்காங்கே சாலையை மறித்தார்கள். நிவாரண வண்டிகளை நிறுத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. வந்தவர்களின் முதல் கேள்வியும் அதுதான்: "வண்டில என்ன இருக்கு?"

தம்பி ஒன்றும் பேசாமல் தார்ப்பாயை விலக்கினார். டார்ச்சு வெளிச்சம் வெறும் தகரத்தின்மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்வந்தது. ஐந்து நாட்களாகத் தங்கள் வாசலுக்கு எதுவும் வராத ஓர் ஊரின் கரையில், எல்லாவற்றையும் பக்கத்து ஊரில் கொடுத்துத் தீர்த்துவிட்ட வண்டியோடு நின்றுகொண்டிருந்தோம்.

வயதில் மூத்த ஒருவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "பின்னாடி வெயிட்டே இல்லியே சாமி, எப்படி ஏறும்?" என்றார். பிறகு திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து, "தென்ன மட்டை கொண்டாங்கடா. இன்னிக்கு நம்மகிட்ட அது ஒண்ணுதானே மிச்சம்" என்றார்.

அவர் அதைக் கசப்போடு சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பெண்களும் பிள்ளைகளும் மட்டைகளை இழுத்துவந்து சேற்றில் குறுக்குவாட்டில் பரப்பினார்கள். சக்கரத்தின் முன்னே மண்ணைக் கையால் வழித்தெடுத்தார்கள். எட்டுப் பேர் பின்தளத்தில் ஏறி, அச்சுக்கு மேலாக நெருங்கி நின்றார்கள். மீதிப்பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். மூன்றாம் முயற்சியில் வண்டி ஏறியது. தள்ளியவர்கள் தலைமுதல் கால்வரை சேறாய் நின்றார்கள். கெட்டித்தரை வரும்வரை அந்த எட்டுப் பேரும் இறங்கவில்லை. அரை மைல் தூரம் பாரமாகவே கூட வந்தார்கள்.

பெரியவரின் தோப்பில் எழுபது மரங்கள் இருந்தன, நின்றவை ஆறு. எங்கள் சக்கரம் ஏறிச்சென்ற மட்டைகள் அந்தத் தோப்பினுடையவை. அவர்களுடைய வீடுகளின் பட்டியலை, என் வேதாகமத்துக்குள் இருந்த காணிக்கை உறைகளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். நாற்பத்துமூன்று குடும்பங்கள். விடைபெறும்போது அவர் ஓட்டுநரிடம், "தம்பி, இனிமே மழைக்காலத்துல வெறும் வண்டி ஓட்டாதீங்க. நாலு மூட்டை மணலாச்சும் போட்டுக்குங்க" என்றார். தம்பி ஒன்று கூட்டி ஐந்தாக்கிக்கொண்டார்.

இந்த வாரத் தியானப் பகுதிக்கு வருகிறேன். எரேமியாவைப் பிரபுக்கள் கயிற்றால் ஒரு துரவுக்குள் இறக்கிவிட்டார்கள். அதில் தண்ணீர் இல்லை, சேறுதான். தீர்க்கதரிசி அதில் அமிழ்ந்துபோனார். அவருடைய சொந்த ஜனத்தில் அவருக்காகப் பேச ஒருவரும் முன்வரவில்லை. அரண்மனையில் ஊழியஞ்செய்த எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக், ஓர் அந்நியர், பென்யமீன் வாசலில் அமர்ந்திருந்த சிதேக்கியா ராஜாவிடம் போய் முறையிட்டார். முப்பது பேரை அழைத்துச் செல்ல உத்தரவு பெற்றார். பல ஆண்டுகள் இந்தப் பகுதியைப் பிரசங்கித்தபோது அவருடைய தைரியத்தைத்தான் எடுத்துரைத்து வந்தேன். கஜாவுக்குப் பிறகு என் கண் வேறோரிடத்தில் நிற்கிறது. அவர் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அரண்மனைப் பொக்கிஷ அறையின் கீழே கிடந்த பழந்துணிகளையும் கந்தைகளையும் தேடியெடுத்து, அவற்றையும் துரவுக்குள் இறக்கி, கயிற்றுக்கும் அக்குளுக்கும் இடையே வைத்துக்கொள்ளச் சொன்னார். சேற்றில் புதைந்ததை வெளியே இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சேறு விடாது, கயிறு அறுக்கும். இடையில் மிருதுவாக ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. பொக்கிஷ அறைக்குப் போனவர் அங்கிருந்து கொண்டுவந்தது கந்தை.

உதவி செய்யப் போகிறவர்கள் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் பழக்கம் நம் சபைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. வண்டியின் முன்னால் பதாகை கட்டுகிறோம்; கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாலையில் நாங்கள் ஒருவருக்கும் கொடுக்கக்கூடியவர்களாக இல்லை. எங்களிடமிருந்து ஒரு பிடி அரிசியும் பெறாதவர்கள், பெறுவோம் என்ற நிச்சயமும் இல்லாதவர்கள், தங்கள் உடம்பையே எங்கள் வண்டியில் ஏற்றினார்கள். நல்ல சமாரியன் உவமையை அன்றுவரை நான் கழுதையின் மேலிருந்தே வாசித்திருந்தேன். வழியோரத்தில் கிடந்தபடி அதை வாசித்தது அந்த ஒருநாள்தான்.

மூன்றாம் நாள் நாற்பத்துமூன்று குடும்பங்களுக்குமான பொருட்களோடு அதே கரை வழியே போனோம். இடையில் மழை பெய்து சேறு முன்னைக்காட்டிலும் அதிகமாயிருந்தது. மட்டைகள் போட்டபடியே கிடந்தன. நிறைபாரத்தோடு வண்டி அவற்றின்மேல் நிதானமாக ஏறிச் சென்றது.

பெரியவர் அந்த நிலத்தில் மறுபடியும் கன்று நட்டார். முதலிரண்டு ஆண்டுகள் ஊடுபயிராய் உளுந்து போட்டுக் காலத்தை ஓட்டினார். தென்னை காய்க்க எடுத்துக்கொள்ளும் காலம் உங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். முதல் குலைகள் முற்றிவிட்டனவாம். நம் சபையின் அறுப்பின் பண்டிகை எப்போது என்று கேட்டார், தேதியைச் சொன்னேன்.

"அந்தத் தம்பியை வண்டியோட அனுப்புங்க சாமி. கரையில இப்ப சிமெண்டு ரோடு போட்டாச்சு. மணல் மூட்டையெல்லாம் இறக்கி வச்சுட்டு வரச் சொல்லுங்க. திரும்புறப்ப ஏத்த இடம் வேணும்ல."